கார் பெயின்டரின் கோபத்தில் பிறந்த மாஸ்கிங் டேப்: யார் இந்த ரிச்சர்ட் ட்ரூ?

காருக்குப் பெயின்ட் அடிக்கும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கண்ணாடி ஓரம், விளக்கு ஓரம், கைப்பிடி ஓரம் எல்லாம் பேப்பர் டேப் ஒட்டி மறைத்திருப்பார்கள். பெயின்ட் அடித்து முடித்ததும் டேப்பை உரித்தால், கோடு போட்டது போல நேர்த்தியான விளிம்பு கிடைக்கும். அந்த டேப்பைக் கண்டுபிடித்தவர் ரசாயன விஞ்ஞானி அல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட ஓர் இளைஞர்!

பாஞ்சோ வாசித்த இளைஞர்

ரிச்சர்ட் கர்லி ட்ரூ, 1899-ம் ஆண்டு ஜூன் 22-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணம் செயின்ட் பால் நகரில் பிறந்தார். நடன இசைக்குழுக்களில் பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தபடியே பொறியியல் படித்தார். ஆனால் படிப்பு பாதியிலேயே நின்றது. தபால் வழியில் இயந்திர வடிவமைப்பு கற்றுக்கொண்ட அவர், 1920-களின் தொடக்கத்தில் 3எம் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அது பிரதானமாக உப்புத்தாள் தயாரிக்கும் சிறிய நிறுவனம்தான்.

பட்டறையில் என்ன நடந்தது?

தண்ணீர் ஊற்றித் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை 3எம் அப்போதுதான் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. நம்ம ஊர் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்கிறார்களே, அதுதான். தண்ணீரோடு தேய்த்தால் தூசி பறக்காது, தாளும் அடைபடாது, பரப்பு வழுவழுப்பாகும். அதைச் சோதித்துப் பார்க்க கார் பட்டறைகளுக்குப் போய்வருவது ட்ரூவின் வேலை.

அந்தக் காலத்தில் இரட்டை வண்ணக் கார்களுக்கு ஏக மவுசு. முதல் வண்ணம் அடித்து, அதன் மேல் செய்தித்தாளையோ இறைச்சிக் கடைத் தாளையோ பசை போட்டு ஒட்டி மறைத்து, இரண்டாவது வண்ணம் அடிப்பார்கள். பிரச்னை தாளை உரிக்கும்போதுதான். பசை இறுகிப்போய், அடியில் இருந்த பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் என்ன, மறுபடி தேய், மறுபடி அடி! உழைப்பும் வீண், காசும் வீண்.

அப்படி ஒரு நாள் பெயின்ட் உரிந்துபோன ஆத்திரத்தில் பெயின்டர் ஒருவர் திட்டித் தீர்த்ததை ட்ரூ நேரில் பார்த்தார். இதற்குத் தீர்வு கண்டுபிடித்துத் தருவதாக அங்கேயே வாக்கு கொடுத்துவிட்டார். டேப் தயாரிப்பு பற்றி அவருக்கு அப்போது ஒன்றுமே தெரியாது.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேட்க எளிது, செய்வது கடினம். பெயின்ட் உள்ளே கசியாத அளவுக்கு டேப் ஒட்ட வேண்டும். ஆனால் உரித்தால் சுத்தமாக வந்துவிட வேண்டும். காரின் வளைவுகளில் கிழியாமல் வளையவும் வேண்டும். எண்ணெய்கள், பிசின்கள் என எதை எதையோ கலந்து பார்த்தார் ட்ரூ.

பொறுமை இழந்த நிர்வாகி வில்லியம் மெக்நைட், டேப்பை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நாள் கேட்ட ட்ரூ, திரும்பவும் டேப்புக்கே போனார். அதைக் கவனித்தும் மெக்நைட் தடுக்கவில்லை.

அடுத்து, டேப்புக்கான தாள் தயாரிக்கும் இயந்திரத்துக்குப் பணம் கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. 100 டாலர் வரை சொந்தக் கையெழுத்தில் வாங்கும் அதிகாரம் ட்ரூவுக்கு இருந்தது. 99 டாலர், 99 டாலர் என்று பல ரசீதுகளாகப் பிரித்து வேலையை முடித்துவிட்டார்!

வெற்றியும் ஒரு கிண்டலும்

1925-ல் மாஸ்கிங் டேப் தயாரானது. சுருக்கங்கள் கொண்ட கிரேப் தாள், அதில் மரவேலைப் பசையும் கிளிசரினும் கலந்த பூச்சு. இதுதான் அதன் ரகசியம். தாளின் சுருக்கம் விரிந்துகொடுப்பதால் வளைவுகளிலும் டேப் படிந்தது.

ஆரம்பத்தில் கொடுத்த மாதிரியில் ஓரங்களில் மட்டுமே பசை இருந்ததாம். கழன்று விழுந்த டேப்பைப் பார்த்து எரிச்சலான பெயின்டர், கஞ்சத்தனத்தைக் குறிக்க அந்நாளில் கிண்டலாகப் பயன்பட்ட ஸ்காட்ச் என்ற சொல்லைச் சொன்னதாகவும், அதுவே பிராண்ட் பெயர் ஆனதாகவும் சொல்லப்படுகிறது.

ட்ரூ அதோடு நிற்கவில்லை. 1930-ல் வந்த செலோ டேப்பும் அவர் கைவண்ணம்தான். பொருளாதார மந்தக் காலத்தில், கிழிந்த பொருட்களைத் தூக்கிப் போடாமல் ஒட்டிப் பயன்படுத்த அது மக்களுக்குக் கைகொடுத்தது.

விட்டுச் சென்றது என்ன?

1980 டிசம்பர் 14-ல், 81 வயதில் கலிஃபோர்னியாவில் ட்ரூ காலமானார். 2007-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று 3எம் பின்னாளில் கொண்டுவந்த நடைமுறைக்கு, ட்ரூவின் பிடிவாதமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அவர் தீர்த்து வைத்த சிக்கலின் பாடம் இன்றும் பட்டறைகளில் பொருந்தும். அடிப் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே டேப் ஒட்ட வேண்டும். நாள் கணக்கில் வெயிலில் விட்டுவிட்டால் பசை இறுகிவிடும். உரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக எடுக்க வேண்டும். விளிம்பு பிசிறில்லாமல் வரும்.