ஞாயிற்றின் தூதரைக் காண வழி கண்டவர்

ஞாயிற்றின் ஒளியை நாம் அறிவோம். அதனுடன் வரும் நியூட்ரினோக்களை உணர்வதில்லை. ஞாயிற்றின் நடுவே அணுக்கருக்கள் இணைகையில் பிறக்கும் இந்நுண்துகள்கள், புவியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்னும் அளவில் ஊடுருவிச் செல்கின்றன. எப்பொருளோடும் எளிதில் வினைபுரியாத இவற்றைப் பிடித்தல் அரிது என அறிஞர் கருதிய காலத்தில், அதற்கு வழி கூறியவர் புரூனோ பொன்டெகோர்வோ ஆவார்.

இவர் 1913இல் இத்தாலியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். உரோமையில் என்ரிகோ ஃபெர்மியிடம் பயின்றார். தாயகத்தில் 1938இல் யூதருக்கெதிரான சட்டங்கள் வந்தன. 1940இல் செருமானியப் படை நெருங்கவே, பாரிசிலிருந்து மிதிவண்டியில் தப்பினார். பின்னர்க் கனடா சேர்ந்தார். அங்கு 1946இல் ஓர் அறிக்கை வரைந்தார். நியூட்ரினோ தாக்கிய குளோரின் அணு, கதிரியக்க ஆர்கான் அணுவாக மாறும். அவ்வணுக்களைப் பிரித்து எண்ணினால் நியூட்ரினோக்களின் வரவை அளக்கலாம் என்பதே அதன் சாரம்.

1950இல் குடும்பத்தோடு சோவியத் நாட்டுக்குச் சென்று மறைந்தார். உளவாளி என்னும் ஐயம் எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. 1955 வரை அவர் இருப்பிடம் வெளியுலகுக்குத் தெரியவில்லை.

அவர் கூறிய வழியை அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ் செயற்படுத்தினார். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், ஒரு தங்கச் சுரங்கத்துள், குளோரின் கலந்த துணிவெளுக்கும் நீர்மம் சுமார் 600 டன் நிரப்பிக் காத்திருந்தார். கிடைத்ததோ கணக்கிட்டதில் மூன்றிலொரு பங்கே! கணக்கில் பிழையா, கருவியில் பிழையா என அறிஞர் வழக்காடினர். டேவிசின் முதல் முடிவு 1968இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, வழியில் நியூட்ரினோக்கள் வகை மாறுவதால் எண்ணிக்கை குறையக்கூடும் எனத் துப்னா நகரிலிருந்து எழுதியிருந்தார் பொன்டெகோர்வோ.

1993இல் அவர் மறைந்தார். கனடாவின் சட்பரிச் சுரங்கத்தில் 1,000 டன் கனநீர் கொண்டு எல்லா வகை நியூட்ரினோக்களையும் அளந்த அறிஞர்கள், 2002இல் மொத்த வரவு கணக்கோடு பொருந்தக் கண்டனர். டேவிசின் அளவும் பிழையன்று. ஞாயிறு பற்றிய கணக்கும் பிழையன்று. அவர் முதல் அறிக்கை எழுதிய நாட்டிலேயே அவர் கருத்து மெய்யாயிற்று. காண அவர் இல்லை.

எதிர்பார்த்ததற்கு மாறான அளவு கிடைக்குங்கால் அதனை மறையாது வெளியிடும் நேர்மையும், அதற்குப் புதுப்பொருள் காணும் துணிவும் ஆய்வுக்கு இன்றியமையாதன. இவ்விரண்டையும் பகையெனப் பிரிந்து நின்ற இரு நாடுகளிலிருந்து இருவர் நல்கினர் என்பதை நாம் மறத்தலாகாது.