மருத்துவர் கிறீனும் தமிழ்க் கலைச்சொல்லும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இலங்கை வந்தார். மானிப்பாயில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். கற்றவர் ஊரைவிட்டு நீங்கவே, தமிழுக்கு மாறினார். அவருக்குத் தமிழ் புதிது. மாணாக்கர்க்கோ மேனாட்டு மருத்துவம் புதிது. அவர்கள் பெயர்த்தெழுத, இவர் பொருள் பிறழாமற் சரிபார்த்தார். கலைச்சொல்லை முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடினர். இரண்டிலும் அகப்படாததை ஆங்கிலத்திலிருந்தே தமிழெழுத்தில் எடுத்தாண்டனர். இரணவைத்தியம் 1867இலும், வேதியியல் கூறும் கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் என்னும் பெயரைக் கேட்டு நகைப்போர், சொல்லில்லை என்று நூலையே நிறுத்திவிடாத துணிவையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் கிறீன் தமிழ் நூற்பணியை விட்டாரில்லை. மனுஷ சுகரணம் 1883இல் அச்சேறியது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.