டிராயைத் தேடியவரே அதை இடித்தாரா?

'டிராய்' படம் பார்த்திருக்கிறீர்களா? 2004இல் பிராட் பிட் நடித்து வெளியான படம்.

அந்த டிராய் நகரமே கற்பனை என்றுதான் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் நினைத்தார்கள். கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடியது வெறும் கதை என்பது அவர்கள் வாதம்.

அதை ஏற்க மறுத்தவர் ஒரு வியாபாரி, ஹைன்ரிக் ஷ்லீமன்.

யார் இவர்?

1822இல் ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் பணமில்லை. 14 வயதில் மளிகைக் கடை வேலைக்குப் போனார்.

பத்துக்கும் மேற்பட்ட மொழிகளைத் தானாகவே கற்றுக்கொண்டார். ரஷ்யாவில் நீலச் சாயம் விற்றுப் பணக்காரர் ஆனார். கலிஃபோர்னியாவில் எல்லாரும் தங்கம் தோண்ட ஓடியபோது இவரும் போனார். ஆனால் தோண்டவில்லை. தோண்டியவர்களிடம் தங்கத்தூளை வாங்கி விற்றார். கெட்டிக்கார மனுஷன்!

40 வயதைத் தாண்டியதும் வியாபாரத்தை விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பினார். இலங்கை, சென்னை, சிங்கப்பூர் என்று நம்ம பக்கமும் வந்துபோயிருக்கிறார்.

இடத்தைக் காட்டியவர் வேறொருவர்

1868இல் இன்றைய துருக்கிக்குப் போனார். முதலில் தோண்டிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பக்கத்தில் இருக்கும் ஹிஸார்லிக் மேட்டைத் தோண்டச் சொன்னவர் ஃபிராங்க் கால்வர்ட். மேட்டின் ஒரு பகுதி அவருக்குச் சொந்தம். அவரும் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருந்தார், தொடரத்தான் காசில்லை. ஷ்லீமனிடம் காசு இருந்தது. புகழ் யாருக்குப் போனது என்று சொல்லவா வேண்டும்?

அந்த மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள் புதைந்திருந்தன. ஹோமரின் டிராய் அடியில்தான் இருக்கும் என்று ஷ்லீமன் முடிவு கட்டிவிட்டார். 1871 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்களை வைத்து, மேட்டின் குறுக்கே பெரிய அகழியை வெட்டினார். குறுக்கே வந்த சுவர்களை இடித்துத் தள்ளினார்.

டிராய்ப் போர் காலத்துப் பொருள் எதுவும் கிடைக்கவில்லையே என்று கால்வர்ட் பத்திரிகையில் எழுதினார். ஷ்லீமனுக்கு ஒரே கோபம்.

தங்கமும் ஒரு பொய்யும்

1873 மே மாதம் தங்க நகைகள் கிடைத்தன. டிராய் மன்னர் பிரியாமின் புதையல் என்று அறிவித்தார். மனைவி சோஃபியா அதைச் சால்வையில் மறைத்து எடுத்துவந்ததாகவும் எழுதினார். உண்மையில் சோஃபியா அப்போது ஏதென்ஸில் இருந்தார்!

நகைகளை ரகசியமாகக் கிரேக்கத்துக்குக் கடத்தினார். ஒட்டோமான் அரசாங்கம் வழக்குப் போட்டது. கடைசியில் 50,000 பிராங்க் கொடுத்து விவகாரத்தை முடித்தார்.

பிறகு அந்தத் தங்கம் பெர்லினுக்குப் போனது. 1945இல் சோவியத் படை அதை எடுத்துச் சென்றது. இப்போது மாஸ்கோவில் இருக்கிறது; ஜெர்மனி திருப்பிக் கேட்கிறது.

அது பிரியாமின் தங்கமும் இல்லை. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. ஹோமரின் காலக்கணக்கோடு பொருந்தும் நகரம் மேல் அடுக்குகளில் இருந்தது. அதாவது, அவசரத்தில் அவர் வெட்டித் தள்ளிய பகுதியில்.

மண்ணை அடுக்கடுக்காக ஆராயும் முறை அப்போது வளரவில்லை என்று அவருக்காக வாதாடலாம். 1876இல் கிரேக்கத்தின் மைசினியில் தங்க முகமூடிகளைத் தோண்டியெடுத்து, மறைந்துபோன ஒரு நாகரிகத்தை உலகுக்குக் காட்டியவரும் இவர்தான். ஆனால் சால்வைக் கதைக்கு என்ன சாக்குச் சொல்வது?

1890இல் ஹிஸார்லிக்கில் நடந்த கடைசி அகழ்வில்தான் தவறு தெளிவாகத் தெரியத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஷ்லீமன் நேப்பிள்ஸில் இறந்தார். உடன் பணியாற்றிய வில்ஹெல்ம் டார்ப்ஃபெல்ட் அகழ்வைத் தொடர்ந்து, ஆறாம் அடுக்கின் பெரிய மதில்களை வெளிக்கொண்டு வந்தார்.

ஷ்லீமன் வெட்டிய அகழி இன்றும் அங்கே அப்படியே இருக்கிறது. டிராய்க்குப் போகும் சுற்றுப்பயணிகள் அதையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.