இருப்புப்பாதையும் வான்பாதையும்

எரிக் கேம்பல் கெடிஸ் 1875-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஆக்ராவில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளர். பிரித்தானியாவில் பள்ளிகள் பல மாறியும் கெடிஸின் மனம் படிப்பில் ஒட்டவில்லை. பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கு மரம் வெட்டினார், தட்டச்சுப்பொறி விற்றார், பால்டிமோர்-ஒகையோ இருப்புப்பாதையில் சரக்கு வண்டியின் தடை இயக்கும் தொழிலாளியாகவும் உழைத்தார். பின்னாளில் பேரமைச்சர்களுக்கு அறிவுரை கூறியவர், தொடர்வண்டியைக் கற்றது இப்படித்தான்.

1895-இல் இந்தியா திரும்பினார். இமயமலை அடிவாரக் காடுகளில் மரம் இறக்கச் சிறுதடம் அமைத்த அவரை ரோகில்கண்ட்-குமாவுன் இருப்புப்பாதை நிறுவனம் ஈர்த்துக்கொண்டது. 1901-இல் அதன் போக்குவரத்துக் கண்காணிப்பாளரானார். 1904-இல் இங்கிலாந்தின் வடகிழக்கு இருப்புப்பாதையில் சேர்ந்து, ஏழே ஆண்டுகளில் துணைப் பொதுமேலாளராக உயர்ந்தார். அந்நிறுவனம் ஒவ்வொரு டன் சரக்கும் எத்தனை மைல் சென்றது என்று கணக்கிட்டு வந்தது. பாதி வெறுமையாக ஓடும் பெட்டிகளை அக்கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எதையும் அளந்து, வீணானதைக் களையும் பழக்கம் கெடிஸிடம் இங்கேதான் வேரூன்றியது.

முதல் உலகப்போர் அவரை அரசுப் பணிக்கு இழுத்தது. 1916-இல் பிரான்சில் துறைமுகங்களில் வெடிகுண்டுகள் குவிந்து கிடக்க, போர்முனைப் பீரங்கிகள் அவற்றுக்காகக் காத்துக்கிடந்தன. லாய்டு ஜார்ஜ் கெடிஸை அங்கு அனுப்பினார். துறைமுகம், பெருந்தடம், போர்முனை மூன்றையும் ஒரே ஓட்டமாகக் கண்ட கெடிஸ், 60 சென்டிமீட்டர் அகலச் சிறுதடங்களைப் படைகளின் அருகே வரை கொண்டுசெல்லத் திட்டமிட்டார். படைப்பயிற்சி இல்லாத அவருக்குத் தரைப்படையில் மேஜர் ஜெனரல் தகுதியும், பின்னர்க் கடற்படையில் வைஸ் அட்மிரல் தகுதியும் தரப்பட்டன! 1917-இல் கடற்படை அமைச்சரானார்.

போருக்குப்பின் பிரித்தானியாவின் முதல் போக்குவரத்து அமைச்சரானார். ஏறத்தாழ 120 இருப்புப்பாதை நிறுவனங்களை நான்காகத் தொகுத்த 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சியின் விளைவு. அரசின் செலவைக் குறைக்கும் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஆறு வயது நிரம்பாத குழந்தைகளைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டியதில்லை என்று அக்குழு பரிந்துரைத்தபோது ஆசிரியர்கள் கொதித்தெழுந்தனர். அக்குழுவின் செலவுக்குறைப்பை மக்கள் கெடிஸின் கோடரி என்றே அழைத்தனர். சரக்குப் பெட்டிக்குப் பொருந்திய அளவுகோல் பள்ளிக் குழந்தைக்குப் பொருந்தாது என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1924-இல் நான்கு சிறு வானூர்தி நிறுவனங்கள் இணைந்து இம்பீரியல் ஏர்வேஸ் பிறந்தது. பத்தாண்டுகளில் பத்து லட்சம் பவுண்டு உதவித்தொகை தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. தலைவராகக் கெடிஸ் அமர்ந்தார். ஊதிய விதிகளை ஏற்க மறுத்து விமானிகள் பணிக்கு வராததால், தொடக்கமே சில வாரம் தடைப்பட்டது. இலண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் வானூர்தி நிலையமே நிறுவனத்தின் இருப்பிடம். 1928-இல் அங்கே அரசு கட்டித் திறந்த புதிய கட்டடம் பெரிய தொடர்வண்டி நிலையத்தையே நினைவூட்டியது. பயணச்சீட்டுக் கூடமும் பல நாட்டு நேரம் காட்டும் கடிகாரங்களும் இருந்தன. ஒரு வேறுபாடு: இங்கே பெட்டியோடு பயணியையும் எடைபோட்டனர்.

1929 மார்ச் 30-இல் இலண்டன்-கராச்சி வான்பணி தொடங்கியது. பயணம் ஏழு நாள். கிராய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை வானூர்தி. அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குத் தொடர்வண்டி. கடலைக் கடக்க நீரில் இறங்கும் வானூர்தி. அலெக்சாந்திரியாவிலிருந்து மீண்டும் தரை வானூர்தி. வான்பயணத்தின் நடுவே இருப்புப்பாதை புகுந்தது கெடிஸின் வாழ்க்கைக்கே பொருத்தமான வேடிக்கை. ஈராக் பாலைவனத்தில் வழி தவறாதிருக்க, மண்ணில் உழுதிருந்த நீண்ட சாலைப் பார்த்தே விமானிகள் பறந்தனர். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அது அங்கிருந்து சென்னைவரை வான்வழியே சென்றது. இலண்டனில் எழுதிய கடிதம் தமிழகத்துக்குப் பறந்துவர இவ்வாறு வழி பிறந்தது.

நிறுவனம் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்பதில் கெடிஸ் உறுதியாக இருந்தார். ஆகவே உறுதியும் வசதியும் வாய்ந்த வானூர்திகள் வாங்கப்பட்டன, விரைவு பின்தள்ளப்பட்டது. 1931-இல் வந்த ஹேண்ட்லி பேஜ் 42 வகை, மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. அதில் விருந்துணவு உண்டு. போர் மூளும் வரை பயணி எவரும் அவ்வகை வானூர்தியில் உயிரிழக்கவில்லை. ஆனால் 1934-ஆம் ஆண்டு இலண்டன்-மெல்போர்ன் போட்டியில் டச்சு நிறுவனத்தின் டக்ளஸ் பயணி வானூர்தி இரண்டாம் இடத்தைப் பிடித்தபோது, பிரித்தானிய வான்பணி பின்தங்கியிருப்பதை உலகம் கண்டது. ஈட்டிய பணத்தை எண்ணத் தெரிந்தவருக்கு, இழந்த நேரத்தை எண்ணத் தோன்றவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் பேரரசு முழுவதும் கூடுதல் கட்டணமின்றிக் கடிதங்களை வான்வழி அனுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்காகப் புதிய, விரைவான நீர் வானூர்திகள் வரவழைக்கப்பட்டன. 1937 ஜூன் 22-இல் கெடிஸ் காலமானார். தென்னாப்பிரிக்காவுக்கான முதல் அஞ்சல் வானூர்தி அதே மாத இறுதியில் புறப்பட்டது.