அங்கையில் எழுதிய அன்பு

ஹெலன் கெல்லர் அம்மையாரின் பெயரைக் கேட்டதும், நீரிறைக்கும் குழாயடியில் நின்ற ஒரு சிறுமியின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. வகுப்பில் அவரைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் பலரும் அந்தக் காட்சியோடு எழுதுகோலை மூடிவிடுகின்றனர். அவர்கள்மேல் குறையில்லை, படித்த பாடம் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அக்காட்சிக்கு முன்னே அரை நூற்றாண்டுக் கதை ஒன்றும், பின்னே எண்பதாண்டுக் கதை ஒன்றும் உள்ளன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவ்வம்மையார் யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார், அக்கடனை எவ்வாறு தீர்த்தார் என்பது விளங்கும்.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் அன்று இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு 1837-ஆம் ஆண்டு லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமி வந்து சேர்ந்தாள். இரண்டு வயதில் கண்ட கொடிய காய்ச்சல் அவளுடைய பார்வையையும் செவிப்புலனையும் பறித்துக்கொண்டது. அப்பள்ளியின் தலைவர் மருத்துவர் ஹோவ், கரண்டி, சாவி போன்ற பொருள்களின்மேல் புடைப்பெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, அவள் விரல்களுக்குச் சொற்களை அறிமுகப்படுத்தினார். பின்னர் அவள் விரலெழுத்தும் கற்றாள். ஒருவர் தம் விரல்களை மடக்கியும் நீட்டியும் எழுத்துகளை உருவாக்க, மற்றவர் தம் அங்கையால் தொட்டுணர்ந்து படிப்பதே அம்முறை. 1842-இல் அங்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ் தம் பயண நூலில் லாராவைப் பற்றி விரிவாக எழுதினார். நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின்பு, அலபாமா மாநிலத்தின் தஸ்கம்பியா என்னும் சிற்றூரில் ஒரு தாய் அந்நூலைப் படித்தார். 1880-இல் பிறந்து, பத்தொன்பதாம் மாதத்தில் நோயால் பார்வையும் கேள்வியும் இழந்த தம் மகளுக்கும் வழி உண்டு என்னும் நம்பிக்கை அவருக்கு அப்போதுதான் பிறந்தது. அம்மகளே ஹெலன்.

தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல்லின் அறிவுரைப்படி பெர்க்கின்ஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதப்பட்டது. 1887 மார்ச்சு 3-ஆம் நாள் ஆன் சலிவன் என்னும் இருபது வயது ஆசிரியை வந்து சேர்ந்தார். அவருடைய இளமையோ இருள் மிகுந்தது. டிரக்கோமா என்னும் கண்ணோய் பார்வையை மங்கச் செய்தது, தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். தம்பியோடு ஏழையர் விடுதியொன்றில் சேர்க்கப்பட்டார். சில மாதங்களில் அத்தம்பியும் அங்கேயே மாண்டான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம் தமக்குப் படிக்க வேண்டும் என்று கதறி, பதினான்கு வயதில், எழுத்தறியாத நிலையில் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு வந்தார் ஆன். முதிர்ந்த பருவத்திலும் அங்கேயே வாழ்ந்த லாராவோடு பேசுவதற்காகவே விரலெழுத்தைக் கற்றார். அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வை திரும்பியது. 1886-இல் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார்.

அவர் தஸ்கம்பியாவுக்குப் புறப்பட்டபோது பள்ளிச் சிறுமியர் ஹெலனுக்கென்று ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பினர். பொம்மையின் ஆடையைத் தைத்தவர் லாரா. ஹெலன் அங்கையில் எழுதப்பட்ட முதற்சொல்லும் பொம்மை என்பதே. குழாய் நீர் ஒரு கைமேல் விழ, மறுகையில் நீர் என்னும் சொல் எழுதப்பட்ட ஏப்ரல் 5-ஆம் நாளின் வியப்பை யாவரும் அறிவர். சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் கற்ற அக்குழந்தை, தாம் முகமறியாத எத்துணைப் பேருடைய கைகள் அந்நாளை ஆக்கின என்பதை அன்று அறிந்திருக்க வழியில்லை. மறு ஆண்டில் பெர்க்கின்ஸ் பள்ளியில் லாராவை நேரில் கண்டபோதும், அழுக்குக் கையால் தம் பின்னல் வேலையைத் தொடவேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். உதவியவர் எல்லாரும் இன்முகம் காட்டுவர் என்று எதிர்பார்க்க இயலாதன்றோ!

யான் பெரிதும் போற்றுவது 1891-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையே. ஹெலனுக்கு அப்போது பத்து வயது. பென்சில்வேனியாவில் டாமி ஸ்டிரிங்கர் என்னும் நான்கு வயதுச் சிறுவன் கண்ணும் காதும் இழந்து, தாயுமின்றி, வறிய தந்தையால் பேண இயலாத நிலையில் கிடந்தான். ஏழையர் விடுதியே அவனுக்கு எஞ்சிய இடம். ஆசிரியை தம் தம்பியைப் பறிகொடுத்ததும் அத்தகைய விடுதியில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இச்செய்தி கேட்டது முதல் ஹெலனுக்கு வேறு நினைவில்லை. அவ்வேளையில் அவள் உயிரினும் மேலாக வளர்த்த நாயை ஒரு காவலர் சுட்டுக் கொன்றுவிட்டார். அறிந்தோர் வருந்தி, வேறொரு நாய் வாங்கித் தர அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பணம் அனுப்ப முன்வந்தனர். நாய் வேண்டாம், அப்பணத்தை டாமியின் படிப்புக்குத் தருக என்று அவள் ஒவ்வொருவருக்கும் மடல் எழுதினாள், செய்தித்தாள்களுக்கும் எழுதினாள். டாமி பாஸ்டன் வந்தான், கற்றான், மரவேலையில் தேர்ந்தான். பெரும்புகழ் எதுவும் அவனுக்கு வாய்க்கவில்லை. அதனாலேயே இவ்வுதவி இன்னும் தூயதாக எனக்குத் தோன்றுகிறது.

1903-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலைக் கிரகாம் பெல்லுக்குக் காணிக்கையாக்கிய ஹெலன், நிறைவு இயலை நண்பர்களை நினைவுகூரவே ஒதுக்கினார். உமறுப்புலவர் தம் காப்பியத்துள் அபுல்காசிம் மரைக்காயரை மறவாது பாடிய மரபறிந்த நமக்கு இது புதிதன்று. 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சிறப்புடன் பட்டம் பெற்றார். அந்நான்கு ஆண்டும் விரிவுரைகளை அங்கையில் எழுதியவர், தம் மங்கிய கண்களை வருத்திக்கொண்டு நூல்களைப் படித்துக் கூறியவர் ஆன் சலிவனே.

தமக்குக் கிட்டிய குடும்பமும் வாய்ப்பும் எல்லார்க்கும் கிட்டுவதில்லை என்பதை ஹெலன் வளர வளர உணர்ந்தார். பார்வையிழப்புக்கு வறுமையும் தொழிற்சாலை விபத்தும் அறியாமையும் காரணமாவதைக் கண்டார். தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றும் நோயால் குழந்தைகள் குருடாவதை, பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கண்ணில் சொட்டுவதன்மூலம் தடுக்கலாம். ஆயின் அந்நோயைப் பற்றிப் பெண்கள் வாய்திறப்பதே நாணக்கேடு எனக் கருதப்பட்ட காலம் அது. 1907-இல் புகழ்பெற்ற மகளிர் இதழொன்றில் அவர் அதனை வெளிப்படையாக எழுதினார்.

கொடுப்பதினும் கொள்வது அவருக்குக் கடினமாக இருந்தது. எஃகுத் தொழிலதிபர் கார்னகி ஆண்டுதோறும் தர முன்வந்த உதவித்தொகையை முதலில் மறுத்துவிட்டார். 1913-இல் சொற்பொழிவுப் பயணத்தின்போது ஆன் திடீரென நோயுற்றார். உதவிக்கு ஒருவரை அழைக்கவும் இயலாமல் ஹெலன் தவித்தார். அதன்பின் தாமே கார்னகிக்கு எழுதி அவ்வுதவியை ஏற்றுக்கொண்டார்.

1933-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. காட்டில் ஒரு மணி நேரம் உலவித் திரும்பிய தோழி, குறிப்பாக எதையும் பார்க்கவில்லை என்று கூறியது அவரைத் திகைக்க வைத்தது. இலையின் ஒழுங்கையும் மரப்பட்டையின் சொரசொரப்பையும் தொட்டே களித்தவர் அவர். மூன்றே நாள் பார்வை கிடைத்தால் எவற்றைக் காண்பேன் எனக் கற்பனை செய்தார். அருங்காட்சியகமும் நாடக அரங்கும் இரண்டாம் நாளுக்கே உரியவை. முதல் நாள் தம்மை வாழவைத்தோரின் முகங்களுக்கு. அவற்றுள்ளும் முதலிடம் ஆன் சலிவனுக்கு. நாற்பத்தாறு ஆண்டுகள் உடனிருந்தும் கண்ணால் காணாத முகம் அது! மூன்றாம் நாளிலோ நியூயார்க் நகரத் தெருக்களுக்கும், ஏழையர் வாழும் சேரிகளுக்கும் செல்ல விழைந்தார். துன்பத்தைக் காணவும் கண் வேண்டும் என்று கேட்டவர் வேறு எவரும் உளரோ, யான் அறியேன்.

கடைசி ஆண்டுகளில் ஆன் முற்றிலும் பார்வையிழந்தார். 1936 அக்டோபர் 20-இல் அவர் உயிர் பிரிந்தபோது அவர் கையைப் பற்றியிருந்தவர் ஹெலன். அதன்பின் ஹெலன் ஓய்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை மருத்துவமனைகளில் கண்டு தேற்றினார். 1924 முதல் தாம் பணியாற்றிய பார்வையற்றோர் அறக்கட்டளையின் பொருட்டு முதுமையிலும் நாடு நாடாகச் சென்று, 1955-இல் இந்தியாவுக்கும் வந்தார்.

1968 சூன் 1-ஆம் நாள் மறைந்த அவருடைய சாம்பல், வாசிங்டன் தேவாலயத்தில் ஆசிரியையின் சாம்பலுக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது. இருவர் பெயரும் பிரெயில் எழுத்தில் பொறித்த வெண்கலப் பலகையொன்று அங்குள்ளது. வருவோர் விரல்கள் தொட்டுத் தொட்டு அப்புள்ளிகள் தேய்ந்துபோனமையால், அப்பலகையை மாற்ற நேர்ந்ததாம்.