முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்

உலகத்தில் வழிவழியாக அரசுரிமை பெற்றாரும் பலர். போரிட்டு அரசைக் கைக்கொண்டாரும் பலர். கைக்கெட்டிய அரசைத் தாமே விடுத்துத் தம் இல்லம் புகுந்தாரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் என்பாரது வரலாற்றை நம் அன்பர்கள் பொருட்டு ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு இவரே முதற்றலைவர். தலைமைப் பதவியின் எல்லை இத்துணையது என்று ஏட்டில் எழுதினார் பலர்; நடந்து காட்டியவர் இவர்.

இவர் கி. பி. 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் நாள் வர்ஜீனியா நாட்டில் ஒரு நிலக்கிழார் குடியிற் பிறந்தார். பதினோராம் வயதிற் றந்தையை இழந்தார். கல்லூரிப் படிப்புப் பெறாமல், நிலமளக்குந் தொழிலைக் கற்றுப் பதினேழாம் வயதிலேயே ஒரு கோட்டத்திற்கு நில அளவையாளராக அமர்ந்தார். சிறுவராயிருந்தபோது செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மை யுரைத்தார் என்னுங் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். அஃது அவர் இறந்தபின் வீம்ஸ் என்னும் பாதிரியார் தம் நூலிற் சேர்த்த கதை, அதற்குச் சான்றில்லை. அவர்தம் பெருமைக்குக் கட்டுக்கதை வேண்டுவதன்று. மெய் வரலாறே போதும்.

ஆங்கில அரசின் வரிக்கொடுமையாற் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் கிளர்ந்தெழுந்தபோது, 1775-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவற்றின் பேரவை இவரைப் படைத்தலைவராக நியமித்தது. இவர் சம்பளம் வேண்டாவென மறுத்துச் செலவுக் கணக்கு மட்டுமே கொடுப்பதாக இசைந்தார். தோல்விகள் பல கண்டார். 1776-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாளிரவு பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து டிரெண்டன் நகரில் வென்று, சோர்ந்த படைக்கு ஊக்கமளித்தார். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய வீரர் பலர்க்குக் காலணியுமில்லை, போர்வையுமில்லை. நோயால் மாண்டாரும் மிகப் பலர். எனினும் படை கலையவில்லை. ஈற்றில், பிரெஞ்சுக்காரர் துணையோடு 1781-ஆம் ஆண்டு அக்டோபரில் யார்க்டவுன் என்னுமிடத்திற் பகைவரை முற்றுகையிட்டுப் பணிவித்தார். ஆங்குப் பணிந்த ஆங்கிலப் படைத்தலைவர் காரன்வாலிஸ் பிரபுவே, பின்னர் 1786-ல் நம் நாட்டிற்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போர்புரிந்தவரும், வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தை வகுத்தவரும் ஆவர்.

நிற்க. போர் முடிந்த காலமே வாஷிங்டனுக்கு வந்த பெருஞ் சோதனைக் காலமாம். வீரர்க்குப் பன்மாதச் சம்பளம் நிலுவை நின்றது. பேரவையோ வறிது, வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கில்லை. 1782-ல் ஒரு சேனை அதிகாரி, இவரே முடிபுனைந்து ஆளவேண்டுமென்னுங் கருத்துப்பட ஒரு கடிதம் விடுத்தார். வாஷிங்டன் அதனை வெறுத்துக் கடிந்து மறுமொழி எழுதினார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதிகாரிகள் பேரவையை அச்சுறுத்தக் கருதிக் கூட்டங் கூடினர். ஆங்குத் தாமே சென்று அவர்க்கு நல்லறிவு கூறிய வாஷிங்டன், பின்பு ஒரு கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டி மூக்குக்கண்ணாடியை எடுத்தணிந்தார். தம் தலைவர் கண்ணாடி அணிய அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. நாட்டின் பணியிலேயே கண்ணொளியும் மங்கிற்றென்று அவர் வருந்திக் கூறக் கேட்டு, சினந்திருந்த அதிகாரிகள் கண்ணீர் சொரிந்தனர். கலகமும் அவிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அன்னாபொலிஸ் நகரில் பேரவையின்முன் நின்று, தமக்களித்த படைத்தலைமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் ஊராகிய மவுண்ட் வெர்னனுக்குச் சென்று உழவை மேற்கொண்டார்.

ஆயினும் நாடு அவரை விடவில்லை. 1787-ல் பிலடெல்பியாவிற் கூடி அரசியற் சட்டம் வகுத்த அவைக்கு அவரே தலைமை வகித்தார். அச்சட்டத்தில் நாட்டுத் தலைவர்க்கு இட்ட பெயர் இலத்தீன் மொழிவழி வந்தது. அவைமுன் அமர்பவர் என்பது அதன் பொருள். நம் மொழியில் அக்கிராசனர் என்னுஞ் சொல் எப்பொருட்டோ அப்பொருட்டே அது. பெயர் எளிதாயினும் அதிகாரம் பெரிது. நான்காண்டுக்கு ஒருமுறை தெரிவு. படைக்குத் தலைமை அவர்க்கு, போர் தொடுக்கும் உரிமை பேரவைக்கு. பேரவை இயற்றும் மசோதாவை அவர் தடுக்கலாம், இரு சபைகளிலும் மூன்றில் இருபங்கினர் மீண்டும் இசையின் அத்தடை நீங்கும். குற்றம் இழைத்தால் விசாரித்து நீக்கவும் வழியுண்டு. எனினும் எத்தனை முறை ஒருவர் அப்பதவியில் அமரலாமென்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியது வாஷிங்டனது ஒழுக்கமே.

1789-ல் வாக்காளராகிய 69 பேரும் ஒருவர் தவறாது அவரையே தெரிந்தனர். நிலம் மிகுதியாக உடையவராயினும் கைப்பொருள் இன்மையின், பதவியேற்கச் செல்லக் கடன் வாங்க நேர்ந்தது. ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க் நகரில், தம் நாட்டில் நெய்த பழுப்புநிறத் துணியுடுத்து உறுதிமொழி கூறினார். அவரை எங்ஙனம் அழைப்பது என்று மேற்சபையிற் பெருவழக்கு எழுந்தது. அரசர்க்குரிய நீண்ட பட்டங்களைச் சிலர் விரும்பினர். ஐக்கிய நாடுகளின் தலைவர் என்னும் எளிய பெயரே ஈற்றில் நிலைத்தது. தம் செய்கை ஒவ்வொன்றும் பின்வருவார்க்கு முன்மாதிரியாகுமென்று அறிந்தே அவர் நடந்தார். ஒருவரோடொருவர் ஒவ்வாத ஹாமில்டனையும் ஜெபர்ஸனையும் அமைச்சராக அமர்த்தி இருவர் கருத்தையுங் கேட்டார். 1793-ல் ஐரோப்பியப் போரிற் சேராது நடுநிலை நின்றார். 1794-ல் மதுவரியை எதிர்த்துப் பென்ஸில்வேனியாவின் மேற்குப் பகுதியார் கலகம் விளைத்தபோது, தாமே படையோடு புறப்பட்டு அதனை அடக்கினார். துரோகக் குற்றத்திற்குத் தண்டனை விதிக்கப்பட்ட இருவரையும் பின்னர் மன்னித்து விடுத்தார்.

இரண்டாம் முறையும் 132 வாக்காளரும் அவரையே தெரிந்தனர். மூன்றாம் முறை நின்றிருப்பின் தடுப்பார் இலர். அவரோ 1796 செப்டம்பரில், தாம் இனி நில்லாமையை நாட்டார்க்குப் பத்திரிகை வாயிலாக அறிவித்தார். 1797 மார்ச்சு 4-ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் பதவியேற்க, இவர் குடிகளுள் ஒருவராய் வீடு திரும்பினார். இருமுறைக்கு மேல் அமர்தல் ஆகாதென்னும் அவ்வழக்கம் 1940-ல் பிராங்க்லின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வெல்லும்வரை நிலைத்தது. 1951-ல் அது சட்டமாகவும் ஆயிற்று.

பெரியோர் வரலாறு எழுதுவார் அவர்தங் குறையை மறைத்தல் முறையன்று. விடுதலைக்குப் போரிட்ட இவர் அடிமைகளை உடையவர். தந்தை இறந்தபோதே அடிமைகள் இவருக்கு உடைமையாயினர். தலைவராயிருந்தபோது இவர் மனையிலிருந்த ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் 1796-ல் தப்பியோடினாள், அவளை மீட்க இவர் முயன்றார், அவள் திரும்பவேயில்லை. 1799-ல் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தனர். அவருள் தமக்கே உரிய 123 பேரைத் தம் மனைவியார் காலத்திற்குப்பின் விடுவிக்க மரணசாசனம் எழுதினார்; மனைவி மார்த்தா அம்மையார் அதுவரை காத்திராது 1801 ஜனவரியில் விடுவித்தார். ஏனையோருட் பெரும்பாலார் அம்மையாரின் முதற்கணவர் சொத்தைச் சார்ந்தவராதலின் விடுதலை பெற்றிலர். ஆட்சியைத் துறக்க வல்ல ஒருவர், பிறர் உழைப்பை உண்ணும் வாழ்வைத் தம் வாழ்நாளிற் றுறக்க இயலாமற் போனது வருந்தத்தக்கதே.

1799-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், தம் அறுபத்தேழாம் வயதில், தொண்டை நோயால் அவர் உயிர் நீத்தார்.

அன்பர்காள்! நாட்டிற்காயினும் ஊர்ச்சபைக்காயினும் நம்மனோர் கூடும் சங்கத்திற்காயினும் தலைமை என்பது ஒருவர்க்குப் பிறர் சிலகாலம் ஒப்புவித்த பொருளாம். ஒப்புவித்த பொருளைக் காத்தல் ஒரு கடமை. காலம் வந்தபோது குறைவின்றித் திருப்பித் தருதல் மற்றொரு கடமை. முன்னதைச் செய்வார் நம்மிடையே பலர் உளர். பின்னதையுஞ் செய்யும் மனவுறுதி தலைமை ஏற்பார் அனைவர்க்கும் உண்டாகுக என்று வேண்டி இதனை முடிக்கின்றோம்.