நாவலர் பெருமானும் அசையாத நம்பிக்கையும்

திருக்கோணேஸ்வர ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்தழித்தனர். ஆயினும் அடியார்கள் வழிபாட்டைக் கைவிடவில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்திலே எம்பெருமானை ஆதிகோணநாயகராக எழுந்தருளச் செய்து வணங்கினார்கள். கற்கோயிலை இடிக்கலாம், மனக்கோயிலை இடித்தல் அரிது என்பதற்கு எமது மண்ணே சாட்சி. ஆழ வேரூன்றிய சமய நம்பிக்கை ஏன் எளிதில் மாறுவதில்லை? விடை காண விரும்பும் மெய்யடியார்கள் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வாழ்வைச் சற்றே நோக்குதல் நன்று.

நாவலர் 1822 மார்கழியில் நல்லூரில் கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியருக்குக் கடைசி மகனாய்ப் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் நடத்திய பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவினார். அதனை அறிஞர் முன் வைக்கச் சென்னைக்கும் சென்றார். அந்நூலை அவரளவு ஆழ்ந்து படித்த சைவர் அக்காலத்தில் அரியர். ஆண்டுக்கணக்காக அதனோடு பழகியும் அவர் நெற்றியில் திருநீறு அழியவில்லை.

காரணம் யாது? நம்பிக்கை வாதத்தால் வந்ததாயின் வாதத்தாற் போகும். தாய் பூசிய திருநீற்றோடும், திருவிழாவோடும், முன்னோர் கடனோடும் வந்ததை விடுவதென்றால் தன்னையும் தன் உறவையும் விடுவதாகவே மனம் எண்ணுகிறது. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்கே திரும்பியதையும் இங்கு நினைவுகூரலாம்.

1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாதிரியாரின் பாடசாலைப் பணியைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது.

பிறர் மதமாற்ற முயற்சியை எதிர்த்த அப்பெரியார், நம்மவர் வழக்கங்களையும் மாற்ற முயன்றார். ஆலயங்களில் உயிர்ப்பலியைக் கண்டித்தார். கண்ணகி வழிபாடு சைவ ஆகமத்துக்கு ஒவ்வாதது என்றார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் காலப்போக்கில் வேறு அம்பாள் பெயர்களைப் பெற்றன. ஆனால் கும்பிட வந்த தாய்மார் தம் அன்பை மாற்றினார்களில்லை. கிழக்கிலங்கையிலோ காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிக் குளிர்ச்சி இன்றும் நிகழ்கிறது. பாதிரிமார் நாவலரிடம் கண்ட உறுதியையே நாவலர் கிராமத்து அடியாரிடம் கண்டார் எனலாம்.

ஒன்றை மறைத்தல் தகாது. சீர்திருத்தம் பேசிய அவரும், சாதி வேற்றுமை பற்றிய தம் காலத்துக் கொள்கையை விட்டாரில்லை. பேரறிவாளருக்கும் பழகிய கொள்கையை விடுதல் அத்துணைக் கடினம். தவறான பழக்கமும் நல்ல பக்தியும் ஒரே வேரினின்று ஒரே உறுதியோடு வளர்வதால், எது எதுவென்று நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

நாவலரின் பணிகளில் நின்று நிலைத்தவை வாதங்கள் அல்ல. பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பாலபாடமும் சைவ வினாவிடையும், அவர் திறந்த பாடசாலையும், 1877 பஞ்சத்தில் பசித்தோர்க்கு வார்த்த கஞ்சியுமே வீடுதோறும் புகுந்தன. நம்பிக்கை மாறினாலும் வளர்ந்தாலும் மெல்ல மெல்ல, இளமையிலும் அன்பிலுமே அது நிகழ்கிறது. அப்பெரியார் 1879 டிசம்பர் 5 இல் சிவபதம் அடைந்தார்.

பல மதத்தவரும் அடுத்தடுத்து வாழும் கந்தளாயில் இவ்வாழ்வு எமக்கு இரண்டு பாடம் தருகிறது. அயலவர் தம் நம்பிக்கையை விடவில்லையென்று மனங்கசத்தல் வேண்டாம்; எமக்கு எமது திருநீறு போன்றதே அவர்க்கு அவருடையது. எம் பிள்ளைகள் சமயநெறி நிற்க வேண்டுமாயின், ஏசுவதை விட்டு, மாலையில் அவர்களைக் கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்து வருவோமாக.

எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.